மற்றக் கொப்பு

“அது இல்லை. மற்றது.”

யன்னலுக்குள்ளிருந்து கணவரின் குரல் வந்தபோது முக்காலியில் ஏறி நின்றுகொண்டிருந்தாள் மேரிஜோசப்பின். வலது கையில் மீன் வெட்டுகிற கத்தி. இடது கை பூமாதுளையின் கொப்பொன்றைப் பிடித்திருந்தது. சித்திரை வெயில் காலையிலேயே நாரந்தனையின் கல்லுத் தரையைக் காயவைத்துவிட்டிருந்தது. முக்காலி வேலிப் பக்கத்தில்தான் ஆடாமல் நிற்கும். அதனால் அவள் மரத்துக்கு அப்பால் நின்று, வீட்டைப் பார்த்தபடி வெட்டவேண்டியிருந்தது. குசினியில் கஞ்சி அடிப்பிடிக்கிற மணம் வந்தது.

“எது மற்றது? வடிவாச் சொல்லுங்கோ.”

“இடதுபக்கக் கொப்பு. உள்ளுக்கு வளைஞ்சு போய் மற்றதோடை உரசுது. தெரியேல்லையே?”

தெரியவில்லை. அவளுக்கு எல்லாக் கொப்பும் ஒன்றோடு ஒன்று உரசுவதாகவே தெரிந்தது. இடதுபக்கத்துக் கொப்பைப் பிடித்து இரண்டு கொத்துக் கொத்தினாள். கொப்பு பூக்களோடு சரிந்து விழுந்தது.

உள்ளேயிருந்து, பத்து நாளாகத் தண்ணீர் கேட்பதற்குக்கூட உயராத குரல், தெரு வரைக்கும் கேட்கும்படி உயர்ந்தது.

“உனக்கென்ன கண் பொட்டையே! அது இல்லையடி, மற்றது!”

கத்தியை நிலத்தில் எறிந்தாள் ஜோசப்பின். “அப்ப நீங்களே எழும்பி வந்து வெட்டுங்கோ! சாகக் கிடக்கிற நேரத்திலயும் மரமும் கொப்பும்! மனிசியைக் கொல்லுறதுக்கெண்டே வளர்த்த மரம்!”

பதில் வரவில்லை. கோபித்துக்கொண்டு கிடக்கிறார் என்று நினைத்தாள். கிடக்கட்டும். கரிந்த கஞ்சியை இறக்கி வைத்துவிட்டு, தண்ணிக் கானைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு, அறைப்பக்கம் எட்டியும் பாராமல் நல்ல தண்ணிக் கிணற்றுக்குப் போனாள். வீட்டுக் கிணறு உவர். குடிக்கிற தண்ணீருக்குத் தோட்டவெளி தாண்டித்தான் போகவேண்டும். வழி முழுக்க, திரும்பி வந்ததும் சொல்லப்போகிறவற்றை வரிசைப்படுத்திக்கொண்டே போனாள். நிறைய இருந்தன.

திரும்பி வந்து கானைக் குசினி வாசலில் வைத்துவிட்டு அறைக்குள் போனபோது குருசுமுத்து யன்னல் பக்கம் முகத்தை வைத்தபடி கிடந்தார். கண் திறந்திருந்தது. ஆனால் எதையும் பார்க்கவில்லை.

“இஞ்சாருங்கோ,” என்றாள். பிறகு இன்னும் கொஞ்சம் கோபமாக, “இஞ்சாருங்கோ.”

வேலிக்கு மேலால் ஞானசவுந்தரியைக் கூப்பிட்டபோதும் அவளுடைய குரலில் அந்தக் கோபம்தான் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரி ஓடி வந்து, நாடியைப் பார்த்து, கண்களை மூடிவிட்டுத் தலையிலடித்துக் கத்தினாள். பக்கத்தில் நின்றாள் ஜோசப்பின். அழுகை வரவில்லை. சொல்லவேண்டியதையெல்லாம் வரிசைப்படுத்திக்கொண்டு வந்தவளுக்குக் கேட்க ஆளில்லாமல் போய்விட்டது.

*

கடலுக்குப் போகிற மனிதனுக்கு மரம் எதற்கு?

இதை அவள் எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். யுத்தத்தில் இடம்பெயர்ந்து யாழ்ப்பாணத்துக் குருநகரில் இருந்துவிட்டுத் தீவுக்குத் திரும்பி வந்த வருடம், வீட்டுக்குக் கூரை இல்லை, கதவு நிலை இல்லை, வளவில் நின்ற பனைகளும் முருங்கையும் வேம்பும் இல்லை. முற்றத்தில் நின்றால் ஒரு பக்கம் கோயில், மறுபக்கம் கடல், நடுவில் வெள்ளைவெளேரென்ற வெளி. கடலுக்குப் போக நேவி பாஸ் வேண்டும். விடிந்த பிறகு போய்ப் பொழுது சாய முன்னர் வந்துவிடவேண்டும், கரையை விட்டுத் தூரம் போகக்கூடாது. இராத்தொழில் செய்து பழகிய குருசுமுத்து, மற்ற ஆண்கள் ஏதாவது ஒரு தொழிலைப் பிடித்துக்கொண்டு ஓடித்திரிந்த அந்த நாட்களில், முற்றத்தில் கதிரையைப் போட்டு வெளியைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

ஒருநாள் வள்ளத்துக்குப் பலகை பார்க்கப் புங்குடுதீவு இறுப்பிட்டிக்குப் போனவர், பலகையில்லாமல் ஈரச் சாக்குத்துண்டில் சுற்றிய தடியொன்றோடு வந்தார். கொழும்புப் பக்கம் கடை வைத்திருந்த கனகசபை என்பவருடைய வீடாம். ஆட்கள் இப்போது வெளிநாட்டில். வீடு இடிந்து, முற்றத்தில் இந்த மரம் மட்டும் பூத்துக்கொண்டு நின்றதாம்.

“என்ன மரம்?”

“மாதுளை.”

அவளுக்கு மனம் குளிர்ந்துபோனது. மகள் நிமலினி அப்போது பிள்ளைத்தாய்ச்சி. மாதுளம்பழம் இரத்தத்துக்கு நல்லது. அந்தத் தடி வேர் பிடிக்கவேண்டும் என்று அவள்தான் மடு மாதாவுக்குப் பதினாறு மெழுகுதிரி நேர்ந்தாள். உவர்த் தண்ணீர் ஊற்றினால் இலை நுனி கருகும் என்று அவர் சொன்னதை நம்பி, குடிக்கக் கொண்டுவந்த தண்ணீரில் பாதியை அதற்கு ஊற்றினாள். தென்மேற்கிலிருந்து அடிக்கிற சோளகக் காற்றுக்கு ஓலைக் கிடுகு கட்டி மறைத்தாள். ஆடு கடிக்காமல் பழைய வலையைச் சுற்றிவிட்டாள்.

மூன்றாம் வருடம் அது பூத்தது. கடுதாசியில் செய்து ஒட்டியது போல, அடுக்கடுக்காக, கைக்குள் அடங்காத சிவப்புப் பூ. ஒவ்வொன்றும் நாலைந்து நாள் நின்றுவிட்டு அப்படியே உதிர்ந்தது. பிஞ்சு வரவில்லை. ஞானசவுந்தரி ஒருநாள் வேலிப் படலையடியில் நின்று பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

“உது பூமாதுளையெல்லோ அக்கா. உது பூக்கும், காய்க்காது.”

ஜோசப்பின் நேரே கணவரிடம் போனாள். அவர் ஒளிக்கக்கூட இல்லை.

“ஓம். தெரியும்.”

“தெரிஞ்சுகொண்டே என்னைக்கொண்டு தண்ணி அள்ளுவிச்சனீங்களே?”

“காய்க்கிற மரத்தை ஆர் பாக்கிறது? காயைத்தான் பாப்பினம். காய் முடிஞ்சால் அதுவும் இல்லை. இது அப்பிடியில்லை. வருசத்தில எந்த நாள் கதிரையைப் போட்டாலும் பாக்கிறதுக்கு ஒண்டு வச்சிருக்கும்.”

அன்றிலிருந்து மூன்று நாள் அவள் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

வேலை முழுவதையும் அவரே எடுத்துக்கொண்டார், தண்ணீர் அள்ளுவதைத் தவிர. அடியிலிருந்து கிளம்புகிற குருத்துகளையெல்லாம் கிழமைக்கொருமுறை கிள்ளி, பற்றையாகப் போகவேண்டியதை ஒற்றைத் தண்டில் நிற்கவைத்தார். ஆளுயரத்துக்கு மேலே குடைபோல விரியவிட்டார். மாரி மழை விழுந்ததும் தளிர் செம்பு நிறத்தில் வரும். தை பிறக்க மொட்டு. பங்குனி, சித்திரையில் தீவு முழுக்கக் காய்ந்து கருகிக் கிடக்கையில் இது மட்டும் நெருப்புப் பிடித்தது போல நிற்கும். சோளகத்தில் பூ கொட்டி நிலம் சிவக்கும். கார்த்திகைக்கு முன்னர் இலை மஞ்சளாகி உதிர, முறுகிய தண்டும் கொப்பும் வெறுமனே நிற்கும். அப்போதும் அவர் கதிரையைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார்.

“இப்ப என்ன கிடக்கெண்டு பாக்கிறியள்?”

“தண்டைப் பார். என்ன வடிவா முறுகியிருக்கு.”

அந்த மரத்தில் ஒரு பூவை அவர் யாருக்கும் பறிக்கவிட்டதில்லை. கோயில் திருநாளுக்கு மாதா சுருவம் சோடிக்க மரியாயின் சேனைப் பெண்கள் வந்து கேட்டபோது, “மாதாவை இஞ்சை வந்து பாக்கச் சொல்லுங்கோ,” என்றார். ஜோசப்பினுக்கு இரண்டு ஞாயிறு பூசைக்குப் போக வெட்கமாக இருந்தது.

பிறகு ஈரலில் கட்டி என்றார்கள். பெரியாஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துவிட்டு, இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்ததும் அவர் கேட்ட முதல் விசயம், கட்டிலை யன்னலடிக்கு இழுத்துப் போடு என்பதுதான்.

*

மத்தியானத்துக்குள் வளவு நிறைந்துவிட்டது. குருநகரிலிருந்து நிமலினியும் மருமகன் கிறிஸ்ரியும் பிள்ளைகளோடு வந்துவிட்டார்கள். சரவணையிலிருந்து குருசுமுத்துவின் மூத்த சகோதரி யூலியானா வந்தாள். எழுபது வயதிலும் கம்பு ஊன்றாமல் நடக்கிற பெரிய உடம்புக்காரி. படலையிலேயே குரல் வைத்து அழுதபடி வந்தவள், பிரேதத்தடியில் அழுகையைச் சட்டென்று நிறுத்திவிட்டு ஜோசப்பின் பக்கம் திரும்பினாள்.

“கடைசியா என்ன சொன்னவன்?”

இதே கேள்வியை அதுவரை ஞானசவுந்தரி கேட்டுவிட்டாள், உபதேசியார் கேட்டுவிட்டார், நிமலினி இரண்டு முறை கேட்டுவிட்டாள். ஜோசப்பின் ஒவ்வொருவருக்கும் தேத்தண்ணி குடித்தீர்களா என்று கேட்டுத் தப்பியிருந்தாள். யூலியானாவிடம் அது நடக்கிற காரியமில்லை.

“என்ன மச்சாள் சொல்லுறது…”

“சேசு மரி சூசை எண்டு செபம் சொன்னவனே?”

உனக்கென்ன கண் பொட்டையே என்று சொன்னவர் என்பதை நாலு பேர் முன்னால் எப்படிச் சொல்வது? “ஓம்,” என்றாள் ஜோசப்பின்.

யூலியானா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். “ஆண்டவரே, அந்தப் பாக்கியமாவது குடுத்தீரே,” என்று மறுபடியும் குரல் எடுத்தாள். பந்தலடியில் நின்றவர்கள் வரைக்கும் அந்தச் செய்தி போனதை ஜோசப்பின் தன் காதாலேயே கேட்டாள். சேசு மரி சூசை சொல்லிக்கொண்டே கண்ணை மூடினவராம். திருநாள் பூசையைத் தவிர வேறு பூசை தெரியாத மனிதன்.

வெளியில் கிறிஸ்ரி பந்தலுக்குத் தறப்பாள் கட்டிக்கொண்டிருந்தான். கோபமாக உள்ளே வந்தான்.

“மாமி, அந்த மரம் சரியாத் தடுக்குது. ஊர்காவற்றுறையிலயிருந்து சவப்பெட்டி வருகுது. வாசலாலை கொண்டுவந்து திருப்பேலாது. தறிச்சுவிடட்டே?”

ஏழு வருடமாக அவள் கேட்கக் காத்திருந்த கேள்வி. தறி என்று சொல்ல வாயைத் திறந்தாள். “கயிறு போட்டு இழுத்துக் கட்டிப் பாரன்,” என்றுதான் வந்தது.

“அதுக்கு ரெண்டு பேர் நிண்டு பிடிக்கோணும்.”

“அப்ப ரெண்டு பேர் நிண்டு பிடியுங்கோவன்! முத்தம் நிறைய ஆம்பிளையள் நிண்டு சிகரெட் பத்துதுகள்.”

கிறிஸ்ரி முணுமுணுத்தபடி போய், கதிரைகள் கொண்டுவந்து இறக்கிக்கொண்டிருந்த கதிர்காமுவைக் கூட்டிக்கொண்டு கயிறு தேடினான். அவள் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு இருந்தாள். இந்த மனிதன் செத்த பிறகும் இந்த மரத்துக்காகத் தான் ஊரோடு சண்டைபிடிக்க வேண்டியிருக்கிறதே என்று நினைக்க நினைக்கப் பற்றிக்கொண்டு வந்தது.

பொழுது சாய்கிற நேரம் பாரிஸிலிருந்து மகன் ஜெகதீஸ் கிறிஸ்ரியின் கைத்தொலைபேசிக்கு எடுத்தான். அவனுக்கு இன்னும் விசா விசயம் முடியவில்லை. வர ஏலாது. முதலில் அழுகை மட்டும் கேட்டது. பிறகு, “அம்மா, அப்பா கடைசியா என்னைப் பற்றி ஏதும் சொன்னவரே?”

ஜோசப்பின் தொலைபேசியைக் காதோடு அழுத்திப் பிடித்தாள். பக்கத்தில் யூலியானா செபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள்.

“உன்ரை பேரைத்தான் அப்பன் சொன்னவர். ஜெகதீஸ், ஜெகதீஸ் எண்டு ரெண்டு தரம் சொன்னவர்.”

யூலியானாவின் கையில் செபமாலை ஒரு மணியில் நின்றது. ஜோசப்பினை ஒருமுறை பார்த்துவிட்டு மணியைத் தள்ளினாள்.

*

மறுநாள் பின்னேரம் பிரேதத்தை எடுப்பதாக இருந்தது. காலையில் ஜோசப்பின் முகம் கழுவிக்கொண்டு வரும்போது முற்றத்தில் நாலைந்து பெண்கள் கடகமொன்றோடு மரத்தடியில் நிற்பதைக் கண்டாள். சேனைப் பெண்கள். தீவில் அந்த வறட்சிக்கு வேறு பூ ஏது? பெட்டியைச் சுற்றி வைக்கலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒருத்தி கொப்பை வளைத்துப் பிடிக்க மற்றவள் பறித்துக்கொண்டிருந்தாள். கடகத்தின் அடி மறைந்திருந்தது.

“பூவில கை வையாதேங்கோ!”

சத்தம் தன்னுடையதுதான் என்று அவளுக்கு உடனே தெரியவில்லை. பெண்கள் கொப்பை விட்டார்கள். பந்தலுக்குள் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

“அவருக்குத்தான் அக்கா,” என்றாள் ஒருத்தி மெதுவாக.

“அவருக்குத்தான் விருப்பமில்லை!”

நிமலினி ஓடிவந்து தாயை அணைத்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். “அம்மாவுக்குத் தாங்கேலாமக் கிடக்கு,” என்று பெண்களிடம் சொன்னாள். ஜோசப்பின் மகளின் கையை உதறினாள்.

“எனக்குத் தாங்கேலாமல் ஒண்டும் இல்லை. அந்த மனிசன் உயிரோடை இருக்கேக்கை தன்ரை மரத்துக்குத் தானே சண்டை பிடிச்சது. இப்ப அதையும் என்ரை தலையில கட்டிப்போட்டுப் போட்டுது. நான் பிடிக்கோணுமாம். நான்!”

“அழுங்கோவன் அம்மா. அழுதாலெண்டாலும்…”

“எனக்கு அழுகை வரேல்லை. ஆத்திரம்தான் வருகுது.”

சொல்லிவிட்டுத் தலையை வாரிக்கொண்டாள். நல்ல வெள்ளைச் சேலையொன்றை எடுத்து உடுத்தாள். பறித்த பூவை என்ன செய்வது என்று கேட்க ஞானசவுந்தரி வந்தபோது, “பறிச்சது பறிச்சதுதானே, வையுங்கோ,” என்றாள்.

பெட்டியைத் தூக்கியபோது கதிர்காமுவும் இன்னொருவரும் கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மரம் ஒரு பக்கமாகச் சரிந்து வழி விட்டது. பெட்டி படலையைக் கடந்ததும் கயிற்றை விட்டார்கள். அது திமிறிக்கொண்டு நிமிர்ந்தது. கையெட்டாத உச்சியில் மிச்சமிருந்த பூக்கள் ஆடின.

கோயிலில் பங்குச் சுவாமியார் பிரசங்கம் வைத்தார். புதிதாக வந்தவர், குருசுமுத்துவை ஒன்றிரண்டு தரம்தான் பார்த்திருப்பார். “எளிய கடற்றொழிலாளி. ஆனால் அவருடைய மரணத்தைப் பாருங்கள். சேசு, மரி, சூசை என்னும் திருநாமங்களை உச்சரித்தபடி, அருகில் இருந்த அன்பு மனைவியின் கையைப் பிடித்தபடி…”

கையைப் பிடித்ததை யார் சேர்த்தது என்று ஜோசப்பினுக்கு விளங்கவில்லை. முன்வாங்கிலில் இருந்துகொண்டு பெட்டியைப் பார்த்தாள். உள்ளே கிடந்த முகத்தில், கேட்டுக்கொண்டிருக்கிற ஆளைப்போல ஒரு திருப்தி இருந்தது. எழும்பி இரண்டு கேள்வி கேட்கலாம் போலிருந்தது அவளுக்கு. சேமக்காலையில் மண் போடும்போது நிமலினி மயங்கி விழப்பார்த்தாள். ஜோசப்பின் குனிந்து பிடி மண் எடுத்துப் போட்டாள். கையைத் தட்டிக்கொண்டாள். மனிசி கல்லு மாதிரி நிற்குது என்று பின்னால் யாரோ சொன்னது கேட்டது.

*

சனம் கலைந்து போய்விட்டது. விறாந்தையில் கிறிஸ்ரியும் இரண்டு மூன்று ஆண்களும் இருந்து கதிரைக் கணக்குக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். அறைக்குள் கட்டிலில் மெத்தை சுருட்டிவைத்திருந்தது. வெறும் பலகையில் யூலியானா இருந்தாள். ஜோசப்பின் நிலத்தில் சுவரோடு சாய்ந்திருந்தாள்.

“ஜோசப்பின்.”

“ம்.”

“எனக்கு ஒண்டு சொன்னாய். பெடியனுக்கு வேறை ஒண்டு சொன்னாய். இப்ப சுவாமியார் கையைப் பிடிச்சதெண்டும் சொல்லிப்போட்டார்.” யூலியானா குரலைத் தாழ்த்தினாள். “எனக்கு அவன்ரை உண்மையான கதை வேணும். நான் அவனைத் தூக்கி வளர்த்தனான்.”

ஜோசப்பின் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். அலுத்துப்போயிருந்தது. இனி இந்தப் பொய்யைத் தூக்கிக்கொண்டு திரிய உடம்பில் தெம்பில்லை.

“உனக்கென்ன கண் பொட்டையே எண்டு கேட்டவர்.”

“என்ன?”

“மாதுளையில கொப்பு வெட்டச் சொன்னவர். வெட்டினன். உனக்கென்ன கண் பொட்டையே, அது இல்லையடி, மற்றது எண்டு கத்தினவர். அதுதான் கடைசி. நானும் பேசினனான். உங்கடை தம்பியைச் சாகக் கிடக்கிற மனிசனெண்டும் பாராமல் பேசிப்போட்டுத் தண்ணிக்குப் போனனான். வந்து பாத்தால் ஆளில்லை.”

சொல்லிவிட்டு, வரப்போகிறதை வாங்கிக்கொள்ளக் காத்திருந்தாள்.

யூலியானா கட்டிலில் மெல்லத் திரும்பி, குனிந்து, யன்னலால் வெளியே பார்த்தாள்.

“எந்தக் கொப்பு?”

“என்ன எந்தக் கொப்பு?”

“எதை வெட்டச் சொன்னவன்?”

“இடதுபக்கம் எண்டவர். இடதுபக்கத்தைத்தான் வெட்டினனான்.”

“நீ எங்கை நிண்டனீ?”

“அங்காலை. வேலிப்பக்கம்.”

யூலியானா தன் இடது கையைத் தூக்கி யன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். பிறகு ஜோசப்பினைப் பார்த்தாள்.

“எடி விசரி. அவன் இஞ்சை கிடந்து தன்ரை இடதுபக்கத்தைச் சொல்லியிருக்கிறான். நீ அங்கை நிண்டு உன்ரை இடதுபக்கத்தை வெட்டியிருக்கிறாய்.”

ஜோசப்பின் எழும்பிப் போய்ப் பக்கத்தில் குனிந்து பார்த்தாள். பொழுது மங்கிக்கொண்டு வந்தது. வெட்டுவாய் வெள்ளையாகத் தெரிந்தது. அதற்கு எதிர்ப்பக்கத்தில், உள்ளே வளைந்து மற்றொன்றோடு உரசிக்கொண்டு, ஒரு பிள்ளைக்குக்கூடத் தெரியும்படியாக, அந்தக் கொப்பு நின்றது.

“அப்ப என்ரை இடது எண்டு சொல்லியிருக்கலாமெல்லே!” அவளுக்குச் சத்தம் உயர்ந்துவிட்டது. “ஒரு சொல்லுக் கூடச் சொன்னால் வாய் நோகுமே? நாற்பது வருசம் மச்சாள், நாற்பது வருசமும் உப்பிடித்தான். அந்தப் பக்கம் எண்டுவார். எந்தப் பக்கமெண்டு சொல்லமாட்டார். நான் தேடித் திரியவேணும்!”

“சின்னனிலயும் அப்பிடித்தான்,” என்றாள் யூலியானா. “அதை எடு எண்டுவான். எதையெண்டு சொல்லான். எடுத்துக் குடுத்தால், அது இல்லையெண்டு குழறுவான்.”

“இவரைத்தான் சுவாமியார்…”

“சேசு மரி சூசை எண்டு…”

“கையைப் பிடிச்சுக்கொண்டு…”

யூலியானாவின் பெரிய உடம்பு முதலில் குலுங்கியது. ஜோசப்பின் சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டாள். அப்படியும் சிரிப்பு மூக்கால் வந்தது. விறாந்தையில் ஆட்கள் இருக்கிறார்கள். யூலியானா அவளை இழுத்துத் தன் தோளில் முகத்தை அழுத்திப் பிடித்தாள். பலகைக் கட்டில் கிறீச்சிட்டது.

ஞானசவுந்தரி இரண்டு கோப்பையில் தேத்தண்ணியோடு வாசலில் வந்து நின்றாள். உள்ளே பார்த்தாள். சத்தம் செய்யாமல் வந்து கோப்பைகளை யன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, ஜோசப்பினின் முதுகை இரண்டு தரம் தடவினாள். பிறகு வெளியே போய்க் கதவைச் சாத்தினாள்.

“இப்பதான் அழுகினம்,” என்று அவள் விறாந்தையில் மெல்லச் சொல்வது கேட்டது. “விடுங்கோ. ஒருத்தரும் உள்ளுக்குப் போகாதேங்கோ.”

விறாந்தையில் யாரோ கதிரையைப் பின்னுக்குத் தள்ளி எழும்பினார்கள்.

இல்லை, அழவில்லை என்று சொல்ல ஜோசப்பின் தலையை நிமிர்த்தப் பார்த்தாள். முடியவில்லை. யூலியானாவின் தோளில் சட்டை நனைந்திருந்தது. யன்னல் விளிம்பில் தேத்தண்ணி இரண்டும் ஆறிக்கொண்டிருந்தன.